‘சரி’ மட்டும் போடும் வழிப்போக்கன்

மார்ச் 2

சுண்டு,

கவரின் பின்பக்கம் என் பெயரைப் பார்த்ததுமே உனக்கு எரிச்சல் வந்திருக்கும். கிழித்துப் போடாமல் இதுவரை படித்திருக்கிறாய் என்றால் சந்தோஷம்.

மெயிலில் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. ‘சொட்டு’ சாஃப்ட்வேரின் மெயில் பெட்டிச் சாவி இப்போது யார் யாரிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. போனில் பேசலாம் என்றால், போன வருடம் போலப் பாதியில் வைத்துவிடுவாய். அதனால்தான் பேப்பர். பேனா பிடித்து எத்தனையோ காலமாகிவிட்டது, கையெழுத்தைப் பொறுத்துக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். எடைக்குத் தக்க மருந்துச் சொட்டைக் கணக்கிட ஆஸ்பத்திரி நர்சுகள் நம்பியிருக்கும் சொட்டுவின் புதிய பதிப்பு இருபத்தெட்டாம் தேதி வருகிறது என்று அறிவித்திருக்கிறாய். அதற்குள் தீர்க்கவேண்டிய பெரிய பக், அதாவது கோளாறு, மூன்று என்றும் நீயே எழுதியிருக்கிறாய். எடையில் புள்ளிக்குப் பதில் கமா போட்டால் பத்து மடங்காகிறது. திரையை மூடித் திறந்தால் சொட்டுக் கணக்கு பூஜ்யத்துக்குப் போய்விடுகிறது. மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் மோசம்: ஒரு நோயாளியின் எடை அழியாமல் அடுத்தவருக்கும் அப்படியே நிற்கிறது. எண்பது கிலோ ஆளுக்கு அடுத்து ஒரு கைக்குழந்தை வந்தால், எண்பது கிலோவுக்கான மருந்தை ஏற்று என்று நம் சாஃப்ட்வேர் அந்த நர்சிடம் சொல்லும். நம் சாஃப்ட்வேர் என்று எழுதிவிட்டேன். உன் சாஃப்ட்வேர்.

மூன்றையும் நீ திருத்திவிட்டாய். மூன்றுக்கும் ஒரே ஆள் ‘சரி’ போட்டிருக்கிறார். பெயர் வழிப்போக்கன். யார் இது?

நான் சொட்டுவை விட்டு விலகிய அடுத்த மாதம் வந்து சேர்ந்திருக்கிறார். முகம் இல்லை, முகவரி இல்லை, உலகத்தில் வேறெந்த ஓப்பன் சோர்ஸ் வேலையிலும் இந்தப் பெயர் இல்லை. நீ எதை எழுதினாலும் மறுநாள் வந்து ‘சரி’ என்று ஒரே சொல்லைப் போட்டுவிட்டுப் போகிறார். ஒரு வருடமாக ஒரு ‘வேண்டாம்’ கிடையாது. ஒரு கேள்விகூடக் கிடையாது. சுண்டு, நீ எழுதுவதை ஐந்து வருடம் படித்தவள் நான். கேள்வி கேட்காமல் விடும்படி நீ ஒருநாளும் எழுதியதில்லை.

எழுதுகிறவர் ஒருவர், ‘சரி’ போடுகிறவர் இன்னொருவர், இரண்டு பேர் பார்க்காமல் ஒரு வரிகூட உள்ளே போகக்கூடாது என்று என் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து நாம் போட்ட விதி உனக்கு நினைவிருக்கும். அந்த இரண்டாவது ஆள் தலையாட்டி பொம்மையாக இருந்தால் விதி எதற்கு? இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். நல்ல பிள்ளையாக வந்து, சொன்னதற்கெல்லாம் ஆமாம் போட்டு, நம்பிக்கை ஊறிய பிறகு ஒருநாள் வேண்டாததை உள்ளே தள்ளுவார்கள்.

அவர் யார் என்று உனக்குத் தெரிந்தால் எழுது. தெரியாது என்றால் ரிலீசை நிறுத்து.

அண்ணி

*

மார்ச் 6

அண்ணி,

கடிதம் கிடைத்தது. நான் வெளியே போயிருந்ததால் கூரியர்க்காரர் கீழே கட்டில் பட்டறையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அங்கே யார் யார் கையில் புரண்டதோ தெரியாது, வெல்டிங் கரியோடு மேலே வந்து சேர்ந்தது. உங்கள் ரகசிய ஏற்பாடு பிரமாதம்.

எனக்கும் இதற்கும் இனி ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று எல்லாரும் பார்க்க எழுதிவிட்டுப் போனவர் நீங்கள். இன்னும் வரி வரியாகப் படிக்கிறீர்களா? ஓப்பன் சோர்ஸ்தான், யார் வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கலாம், தடுக்க என்னால் முடியாது. ஆனால் எட்டிப் பார்ப்பவர் வீட்டுச் சாவியைப் பற்றிக் கேட்பது கொஞ்சம் அதிகம்.

வழிப்போக்கன் கூச்ச சுபாவம் உள்ளவர். அதிகம் பேசமாட்டார். எல்லாரும் உங்களைப் போல ஊரைக் கூட்டி வைத்து ‘வேண்டாம், வேண்டாம், வேண்டாம்’ என்று போட்டால்தான் வேலை செய்ததாக அர்த்தமா? நான் பத்து நாள் உட்கார்ந்து எழுதியதை நீங்கள் மூன்று தடவை திருப்பி அனுப்பியதை உலகமே வேடிக்கை பார்த்தது. ‘என் அண்ணனைக் கட்டிக்கிட்டீங்க, சந்தோஷம், என்னையும் சேர்த்துக் கட்டி மேய்க்காதீங்க’ என்று நான் போனில் கத்தினேன். கத்தியிருக்க வேண்டாம். ஆனால் கத்தவைத்தது யார்?

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். நீங்கள் போய்ச் சேர்ந்திருக்கும் கம்பெனி என்ன விற்கிறது? சொட்டு செய்யும் அதே வேலையைச் செய்கிற சாஃப்ட்வேரை விலைக்கு விற்கிறது. நாங்கள் இலவசமாகத் தருவது தள்ளிப்போனால் யாருக்குக் கொண்டாட்டம்? ஒரு வருடம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, ரிலீசுக்குச் சரியாக முன்னால் ‘நிறுத்து’ என்று எழுதுகிறீர்களே, இது நீங்களாக எழுதியதா, உங்கள் மேனேஜர் சொல்லி எழுதியதா?

நிறுத்து என்று சொல்வது சுலபம். ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் பெரிய நர்ஸ் எனக்குத் தினமும் போன் செய்கிறார். உங்களுக்கும் அவரைத் தெரியும், முதல் பதிப்பை வாங்கிப்போட்ட அதே அம்மாதான். நேற்று சொன்னார்: “ஏம்மா, போன வாரம் ஒரு குழந்தைக்கு, முன்னாடி படுத்திருந்த ஆளோட எடை அப்படியே நின்னுச்சு. என் கண்ணுல பட்டதால தப்பிச்சோம். எல்லா டூட்டியிலயும் நானே நிப்பேனா? எப்பம்மா சரி பண்ணிக் குடுப்பீங்க?”

இருபத்தெட்டாம் தேதி என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். வழிப்போக்கனை விட்டுவிடுங்கள்.

சுண்டு

*

மார்ச் 9

சுண்டு,

என் கம்பெனியைப் பற்றிக் கேட்டாய். ஆமாம், அதையேதான் விற்கிறது. சேரும்போதே வெளியில் வேறெந்த மருந்து சாஃப்ட்வேரிலும் கைவைக்கமாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். உனக்கு இப்படிக் கடிதம் எழுதுவது தெரிந்தாலே என் வேலைக்கு வினை. என்னை உளவாளி என்கிறாயே, எந்த உளவாளி பின்பக்கம் தன் பெயரை எழுதிக் கூரியரில் அனுப்புவாள்? எனக்கு வலித்தது. சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.

இனி வழிப்போக்கன். விடமாட்டேன்.

சனிக்கிழமை முழுக்க அவர் போட்ட ‘சரி’ ஒவ்வொன்றையும் பின்னோக்கிப் பார்த்தேன். ஆரம்பத்தில் ஒரே ஒரு இடத்தில் வாயைத் திறந்திருக்கிறார். ‘இந்தப் பகுதி கொஞ்சம் கொசுவலை வேலையாக இருக்கிறது, ஆனாலும் பரவாயில்லை, சரி’ என்று.

கொசுவலை வேலை! வெளியில் இருக்கும் கொசு உள்ளே வரும், உள்ளே வந்தது வெளியே போகாது என்று உன் அண்ணன் தான் தைத்த வலையைப் பற்றிச் சொன்னதை நாம் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கை அடைக்கப் போய் இன்னொன்றை உள்ளே விடும் திருத்தத்துக்கெல்லாம் பெயராக வைத்தோம். உலகத்தில் மூன்று பேர்தான் அப்படிச் சொல்வார்கள். நான் சொல்லவில்லை. மிச்சம் இரண்டு பேர்.

முதலில் உன் அண்ணனைத்தான் பிடித்தேன். பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

“உண்மையைச் சொல்லுங்க. நீங்கதானே வழிப்போக்கன்?”

“யாரு?”

“உங்க தங்கச்சி எழுதுறதுக்கெல்லாம் சரி சரின்னு போடுற ஆளு.”

“வீட்ல உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல பத்து வருஷமா சரி சரின்னுதான் சொல்லிட்டிருக்கேன். அதைக் கம்ப்யூட்டர்ல வேற போடணுமா?”

முகத்தைப் பார்த்தேன். பொய் சொன்னால் அவருக்குக் காது சிவக்கும். சிவக்கவில்லை. போனில் அலாரம் வைக்கவே என்னிடம் வரும் மனிதர், அவரைச் சந்தேகப்பட்டதற்கு என்னைத்தான் சொல்லவேண்டும்.

பிறகு இன்னொன்றையும் பார்த்தேன். ஜனவரியில் உனக்குக் காய்ச்சல் வந்து படுத்துக் கிடந்தாயே, அந்த நாட்களில் அவருக்கும் பேச்சு மூச்சு இல்லை. மற்றவர்கள் அனுப்பிய திருத்தங்கள் வரிசையாகக் காத்துக் கிடந்தன. நீ எழுந்து கஞ்சி குடித்தாய் என்று உன் அண்ணன் வந்து சொன்ன அன்றைக்கே அவரும் எழுந்து வந்து ‘சரி’ போட்டிருக்கிறார்.

வழிப்போக்கன் நீதானே?

அண்ணி

*

மார்ச் 13

அண்ணி,

ஆமாம். நான்தான். போதுமா?

அண்ணனை இனி துருவாதீர்கள். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது.

விதியைப் போட்டவர்கள் இரண்டு பேர். ஒருத்தி எழுந்து போய்விட்டால் மற்றவள் என்ன செய்வாள் என்று விதியில் எழுதவில்லையே. நீங்கள் போன அன்றே, ‘படித்துப் பார்த்து ஒப்புதல் தர ஆள் வேண்டும்’ என்று பொதுவில் எழுதினேன். எத்தனை பாராட்டு வந்தது தெரியுமா? அருமையான பணி, தொடரட்டும், வாழ்த்துகள். உட்கார்ந்து படிக்க ஒருவரும் வரவில்லை. பெரிய நர்சோ போன் மேல் போன். சின்னச் சின்னத் திருத்தங்கள்கூட இரண்டாவது ஆள் இல்லாமல் வாரக்கணக்கில் கிடந்தன.

அப்போதுதான் வழிப்போக்கனை உண்டாக்கினேன். முதலில் நேர்மையாகத்தான் செய்தேன். எழுதி ஒருநாள் ஆறப்போட்டு, மறுநாள் அந்தப் பெயரில் லாகின் செய்து, வேறொருத்தி எழுதியதைப் படிப்பதுபோலவே படித்தேன். கொசுவலை என்று என்னை நானே திட்டியது அந்த நாட்களில்தான். போகப் போக அலுத்துவிட்டது. என் தப்பு என் கண்ணில் படவில்லை. படித்ததாக நினைத்துக்கொண்டு ‘சரி’ போட்டேன். சில நாள் படிக்காமலேயே.

நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள். சந்தோஷமாக இருக்கிறதா? வேண்டுமானால் ஊர் அறியச் சொல்லுங்கள். ‘என் நாத்தனார் ஒரு பித்தலாட்டக்காரி’ என்று எழுதினால் உங்கள் ஆபீசில் கைதட்டுவார்கள். ஆனால் இருபத்தெட்டாம் தேதி வரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள். எடை பக் திருத்தம் போய்ச் சேரட்டும்.

சுண்டு

*

மார்ச் 15

சுண்டு,

உன் கடிதம் காலையில் வந்தது. கோபம் தலைக்கு ஏறியது. திட்டி நான்கு பக்கம் எழுதி, கிழித்துப் போட்டேன். திட்ட நேரமில்லை.

வேறொன்று கேட்கிறேன். பதினொன்றாம் தேதி மதியம் நடந்ததற்குப் பதில் சொல்.

அன்று யாரோ புது ஆள் ஒரு திருத்தம் அனுப்பியிருக்கிறார். ‘எழுத்துப் பிழைகள் நீக்கம்’ என்று தலைப்பு. உண்மையாகவே நிறைய எழுத்துப் பிழைகளைத் திருத்தியிருக்கிறார். அவற்றுக்கு நடுவே ஒரு வரி. மருந்தின் மேல் வரம்பு ஆஸ்பத்திரியில் பதிவாகியிருக்காவிட்டால், வெளியே ஓர் இணைய முகவரியிலிருந்து அதை வாங்கிக்கொள் என்கிறது அந்த வரி. அந்த முகவரி யாருடையது என்று தேடினேன், பிடி கிடைக்கவில்லை. யாருடையதோ, அவர் நினைத்தால் எந்த வார்டிலும் வரம்பை எவ்வளவு வேண்டுமானாலும் உயர்த்தலாம். வரம்பை மீறினால் நிறுத்து என்று நாம் வைத்த பூட்டுக்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும்.

அதற்கு ‘சரி’ போட்டிருப்பது வழிப்போக்கன்.

உன் அண்ணனிடம் விசாரித்தேன். அன்று மதியம் நீ அவரோடு போனில் பேசினாயாம். பெரிய நர்சைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறேன், லேப்டாப் கையில் இல்லை என்றாயாம். அவரிடம் சொன்னது பொய்யா? அந்தப் புது ஆளும் நீதானா? உனக்கு யாராவது ஏதாவது ஆசை காட்டினார்களா? இப்படிக் கேட்கக் கை கூசுகிறது. ஆனாலும் கேட்கிறேன். இல்லாத ஆளை ஒரு வருடம் என் முன்னால் நடமாடவிட்டவள் நீ, எதையும் கேட்க எனக்கு உரிமை உண்டு.

நீ போட்டிருந்தால் எதற்கு என்று சொல். நீ போடவில்லை என்றால் அது இதைவிட மோசம்.

அண்ணி

*

மார்ச் 17

அண்ணி,

நான் போடவில்லை.

அண்ணா மேல் சத்தியமாக நான் போடவில்லை. அன்று நான் வார்டில்தான் இருந்தேன். அந்தத் திருத்தத்தை உங்கள் கடிதம் வந்த பிறகுதான் பார்த்தேன். ஏற்கெனவே ‘சரி’ வாங்கிவிட்ட திருத்தத்தை நான் திரும்பப் பார்ப்பதில்லை. யார் ‘சரி’ போட்டிருக்கப் போகிறார்கள், நான்தானே என்று இருந்துவிட்டேன்.

எப்படி உள்ளே வந்தார்கள் என்று யோசித்து மண்டை காய்ந்தது. பிறகு புரிந்தது. சொட்டுவை எடுத்துப் பழகிப் பார்க்கிறவர்களுக்காக நாம் ஒரு பாஸ்வேர்டு வைத்து, உதவிப் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறோமே, வழிப்போக்கனுக்கும் அதையேதான் வைத்தேன். இல்லாத ஆளுக்கு எதற்குத் தனிப் பாஸ்வேர்டு என்று நினைத்தேன். யாரோ ஒருவர் சும்மா முயன்று பார்த்திருக்கிறார், கதவு திறந்துகொண்டது.

பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன், அந்த வரியை எடுத்துவிட்டேன். ஆனால் ஒன்று தெரியவில்லை, அண்ணி. அவர்கள் எத்தனை நாளாக உள்ளே இருந்தார்கள்? பழைய ‘சரி’ எல்லாவற்றையும் திறந்து வைத்துப் பார்க்கிறேன். எது நான் போட்டது, எது அவர்கள் போட்டது என்று எனக்கே தெரியவில்லை. எல்லாம் ஒரே சொல். கேள்வி கேட்டிருந்தால், சண்டை போட்டிருந்தால், இது நான் பேசியது என்று அடையாளம் கண்டுபிடித்திருப்பேன்.

உங்கள் கம்பெனி ஆட்களாக இருக்குமோ என்றும் சந்தேகம் ஓடுகிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள், எல்லார் மேலும் ஓடுகிறது. காலையில் கீழே பட்டறையில் ஒருவர் மேலே நிமிர்ந்து பார்த்தார், ஜன்னலைச் சாத்திவிட்டேன்.

இப்போது ஒன்று கேட்கிறேன், திட்டாமல் பதில் சொல்லுங்கள். அந்த வரியை எடுத்தாயிற்று. யாருக்கும் ஒன்றும் தெரியாது. சத்தம் போடாமல் இருபத்தெட்டாம் தேதி வெளியிட்டுவிட்டால் என்ன? வெளியில் சொன்னால் சொட்டுவை இனி எந்த ஆஸ்பத்திரி தொடும்? சொல்லாமல் தள்ளிப்போட்டால், எடை பக் வார்டுகளில் அப்படியே இருக்கும். நீங்கள் ஒருமுறை வந்து பார்த்தால் தேவலை.

சுண்டு

*

மார்ச் 20

சுண்டு,

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் என்ன நினைத்தேன் தெரியுமா? என்னை வரவழைப்பதற்காக நீயே ஜோடித்த கதையோ என்று. அரை நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன் அண்ணன் கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, “என் மேல சத்தியம்னு எழுதியிருக்கா. சின்ன வயசுலயிருந்து எத்தனையோ பொய் சொல்லியிருக்கா, என் மேல சத்தியம் பண்ணி மட்டும் சொன்னதில்ல” என்றார். அதை நம்பி எழுதுகிறேன்.

எங்கள் கம்பெனி ஆட்களா என்று கேட்டாய். நானும் அதையே யோசித்தேன். இல்லை என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. கண்டுபிடிக்கவும் முடியாது.

இனி முக்கியமானது. அந்தத் திருட்டு வரியை நான் ஒரே மதியத்தில் பிடித்தேன். வேறொன்றைப் பிடிக்க ஒரு வாரம் ஆயிற்று. அது திருடர்கள் வைத்தது அல்ல.

உன்னுடைய எடை திருத்தம். அதை என் சொந்த லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்தேன். புது நோயாளியைத் திறந்தால் பழைய எடை அழிகிறது, ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு நர்ஸ் அவசரத்தில் முந்தைய திரைக்குப் போகும் பின் பொத்தானை அழுத்தி, மறுபடி முன்னால் வந்தால்? பழைய எடை திரும்ப வந்து உட்கார்ந்துகொள்கிறது. முன்பாவது திரையில் தெரிந்தது, அதனால்தான் பெரிய நர்சின் கண்ணில் பட்டது. உன் திருத்தத்துக்குப் பிறகு திரையில் அந்தக் கட்டம் காலியாகத் தெரிகிறது, கணக்கு மட்டும் உள்ளே பழைய எடையில் ஓடுகிறது. அந்த அம்மா இரண்டு கண்ணையும் விரித்துப் பார்த்தாலும் தெரியாது.

இதற்கு யார் ‘சரி’ போட்டது என்று நான் கேட்கவில்லை. உனக்குத் தெரியும்.

ஆகவே இருபத்தெட்டாம் தேதி வெளியிடக்கூடாது. ஆஸ்பத்திரிகளுக்கு இன்றைக்கே சொல், எடை பக் இருக்கிறது, புது நோயாளிக்கு முன்னால் சாஃப்ட்வேரை முழுக்க மூடித் திறக்கவேண்டும், கணக்கைக் கையால் ஒருமுறை போட்டுப் பார்க்கவேண்டும் என்று. வழிப்போக்கன் கதையையும் சேர்த்துச் சொல். ‘ஒப்புதல் வழங்கப்பட்டது’, ‘தவறு நேர்ந்துவிட்டது’ என்று ஆபீஸ் பாஷையில் மழுப்பாதே. நான் போட்டேன், நான் படிக்கவில்லை என்று எழுது. அவமானமாகத்தான் இருக்கும். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

நான் வர முடியாது. வந்தால் என் வேலை போகும் என்று உனக்கு எழுதியிருக்கிறேன்.

அண்ணி

*

மார்ச் 24

அண்ணி,

நீங்கள் சொன்னபடி செய்து பார்த்தேன். பின் பொத்தான், முன் பொத்தான். கட்டம் காலி, உள்ளே எண்பது கிலோ. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடி செய்தேன். மறுபடியும் எண்பது கிலோ. இதை எல்லா ஆஸ்பத்திரிக்கும் அனுப்ப நாள் குறித்து வைத்திருந்தேன்.

அறிவிப்பை இருபத்தொன்றாம் தேதியே போட்டுவிட்டேன். வழிப்போக்கன் என்று யாரும் இல்லை, நான்தான் என்று எழுதி, அந்தப் பெயரை அழித்தேன். உங்கள் பெயரைச் சொல்லவில்லை. வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். அருமையான பணி என்று எழுதிய அதே ஆட்கள் இரண்டு பேர் ‘எங்களுக்கு அப்போதே சந்தேகம்’ என்று எழுதியிருக்கிறார்கள். சில ஆஸ்பத்திரிகள் சொட்டுவை எடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டன. 

பெரிய நர்சுக்கு நானே போன் செய்து சொன்னேன். முழுக்கக் கேட்டார். பிறகு, “நீ ஒரே ஆளாவாம்மா இத்தனை நாளா இதைப் பார்த்துக்கிட்டிருந்தே?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “இங்க ஒரு ஊசி போடணும்னாலே ரெண்டு பேர் மருந்தைப் பார்த்துக் கையெழுத்துப் போடணும். அதுல ஒருத்தி தூங்கி வழிஞ்சா நான் வீட்டுக்கு அனுப்பிருவேன்” என்றார். அதுவரைக்கும் அழாமல் இருந்தேன்.

எடைப் பகுதியை அடியோடு மாற்றி எழுதிவிட்டேன். இப்போது காத்துக்கிடக்கிறது. ‘சரி’ போட ஆள் இல்லை. மறுபடியும் பொதுவில் கேட்டேன். ஒருவர் வந்தார், தேநீர் ஆறுவதற்குள் படித்து முடித்து ‘சரி’ போட்டார். பின் பொத்தானை அழுத்திப் பார்த்தீர்களா என்று கேட்டேன். ‘அது எங்கே இருக்கிறது’ என்றார். நன்றி சொல்லி அனுப்பிவிட்டேன்.

உங்களை வரச் சொல்லவில்லை. உங்கள் வேலையை விடச் சொல்ல எனக்கு வாய் இல்லை. உண்மையைச் சொன்னால் உங்கள் மேல் சந்தேகம் இன்னும் முழுக்கப் போகவில்லை. உங்கள் ஆபீஸ் வாசனை அடிக்கிற எதைப் பார்த்தாலும் மனம் திடுக்கென்கிறது. எழுதிவிட்டேன், மறைத்து என்ன ஆகப்போகிறது.

சுண்டு

*

மார்ச் 27

சுண்டு,

உன் அறிவிப்பைப் படித்தேன். எல்லா இடத்திலும் ‘நான்’ என்று எழுதிவிட்டு, கடைசியில் ஓர் இடத்தில் ‘கவனக்குறைவு ஏற்பட்டது’ என்று நழுவியிருக்கிறாய். அதை மாற்று.

நேற்று மேனேஜர் அறைக்குப் போய் வேலையை விடுகிறேன் என்றேன்.

“வேற கம்பெனியா?” என்றார்.

“இல்ல சார். நாத்தனார்.”

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளக்கவும் எனக்குப் பொறுமை இல்லை. மேஜையில் என்னுடையது என்று ஒரு தண்ணீர் பாட்டிலும் ஒரு சால்வையும்தான் இருந்தன, எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். உன் அண்ணன் கேட்டுவிட்டு, “இனி சாப்பாட்டுக்கு என்ன பண்றது?” என்று கேட்கவில்லை, “ரெண்டு பேரும் மறுபடி பேசிக்கப் போறீங்களா?” என்றுதான் கேட்டார். பேசப்போவதில்லை, சண்டை போடப்போகிறோம் என்றேன். அவருக்கு அதுவே போதுமாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். அழைத்துப்போக வராதே, அந்த நேரத்தில் எடைப் பகுதியை இன்னொரு தடவை படி. நீ மாற்றி எழுதியதைப் பார்த்தேன், கண்ணுக்கு ஒழுங்காகத்தான் இருக்கிறது. இங்கிருந்தபடியே ‘சரி’ போட்டிருக்கலாம். போடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரிக்கும் ஏன் ஏன் என்று கேட்கப்போகிறேன். எரிச்சல் வரும். கத்து, நானும் கத்துவேன். ஆனால் எழுந்து போவது மட்டும் கூடாது, உனக்கு மட்டுமல்ல, எனக்கும்தான். அதை முடித்துப் பெரிய நர்சுக்கு அனுப்பிய பிறகு, பழைய ‘சரி’ ஒவ்வொன்றையும் முதலிலிருந்து பிரிப்போம். மாதக்கணக்கில் ஆகும்.

என் மேல் சந்தேகம் போகவில்லை என்று எழுதியிருந்தாய். வைத்துக்கொள். நான் எழுதப்போவதையும் அதே கண்ணோடு படி. எனக்கும் உன் மேல் போகவில்லை. உன்னை எனக்கு ரொம்பப் பிடிக்கும், சுண்டு, இந்த ஒரு வருடமும் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் அந்த வார்டில் படுத்திருக்கும் குழந்தைக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அதற்கு வேண்டியது, நீ எழுதியதை நம்பாத ஒருத்தி.

வருகிறேன்.

அண்ணி